கம்பி வேணுமா, வேண்டாமா? இந்த தடவை எல்லாமே கீபோர்டு கேள்விதான்

போன இதழ்ல மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருக்குற ரகம்) பத்தி ஒருத்தருக்கு நாலு வரி பதில் எழுதினேன், அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதே விஷயம்தான். சரின்னு மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். கீபோர்டுல ஆர்வம் இல்லாதவங்க பக்கத்த திருப்பிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

கேள்வி: அண்ணா, முதல் முறையா சொந்தமா ஒரு கீபோர்டு கட்டப்போறேன். 75 சதவீத லேஅவுட் (நம்பர் பேட் இல்லாத சின்ன சைஸ்), அலுமினியம் கேஸ், லீனியர் ஸ்விட்ச், கீகேப் கலர் வரைக்கும் முடிவு பண்ணியாச்சு. பிசிபி, அதான் உள்ள இருக்குற சர்க்யூட் பலகை, அது மட்டும் வயர்டு வாங்கவா வயர்லெஸ் வாங்கவான்னு ஒரு மாசமா இழுத்துக்கிட்டே இருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க. ஒரே வார்த்தைல சொல்லுங்க.
– முடிவெடுக்காதவன்

பதில்: வயர்டு.

ஒரே வார்த்தை கேட்டீங்க, குடுத்துட்டேன். இனி காரணத்துக்கு வரேன். தம்பி, நீங்க வரிசைய தலைகீழா பிடிச்சிருக்கீங்க. கீகேப் கலர் வரைக்கும் முடிவு பண்ணிட்டு கடைசியா பிசிபிக்கு வர்றது, வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்டு கிணறு எங்க தோண்டலாம்னு கேக்குற மாதிரி. வயர்லெஸ்னா கேஸுக்குள்ள பேட்டரி படுக்க இடம் வேணும், ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வெளிய எட்டிப்பாக்க ஓட்டை வேணும், ஆன்டெனா இருக்குற பக்கத்த உலோகம் மூடக்கூடாது, இதெல்லாம் கேஸ் டிசைன் பண்ணும்போதே யோசிச்சிருக்கணும், நீங்க ஏற்கனவே ஒரு அலுமினியம் கேஸ பாத்து வெச்சிருக்கீங்க, அதுல இதுக்கெல்லாம் வழி இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா உங்க கேள்விக்கு கேஸே பதில் சொல்லிடுச்சு.

வழி இருக்குன்னே வெச்சுக்குவோம். அப்பவும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கீபோர்டு மேஜைய விட்டு எந்திரிக்குமா? அலுமினியம் கேஸ், உள்ள பிளேட், எடைக்கு ஒரு பித்தளை துண்டுன்னு சேர்த்தா ஒன்றரை ரெண்டு கிலோ சாதாரணமா வந்துடும், அத தினம் பையில போட்டு தூக்கிட்டு அலையப்போறீங்களா? மாட்டீங்க. ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர், அங்கயே இருக்கப்போற பொருளுக்கு ஒரு பேட்டரிய வெச்சு, அத சார்ஜ் போட ஞாபகம் வெச்சுக்கிட்டு, ரெண்டு மூணு வருஷத்துல அது தளர்ந்ததும் அதே அளவுல இன்னொண்ணு தேடுறது எதுக்கு? அதுவே லேப்டாப், டேப்லெட், ஃபோன்னு மூணுக்கும் நடுவுல மாத்தி மாத்தி டைப் பண்றவங்களா இருந்தா கதை வேற, ஒரு கீய தட்டினா அடுத்த மெஷினுக்கு தாவுறது ப்ளூடூத்ல நிஜமாவே சுகம், அத கேபிள் தராது.

"மூணு மோடு (கேபிள், ப்ளூடூத், யூஎஸ்பில சொருகுற டாங்கிள்) இருக்குற போர்டு வாங்கினா ரெண்டும் கிடைச்சிடுமே" ன்னு உங்க ஃப்ரெண்ட்ஸ்ல ஒரு கட்சி சொல்லியிருக்கும். கிடைக்கும். கூடவே பேட்டரியும் வரும், ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம்) தலைவலியும் வரும், அது ரெண்டும் கீழ தனித்தனியா வருது பாருங்க.

கேள்வி: ப்ளூடூத் கீபோர்டுல லேட்டாகும், கேம் ஆடினா செத்துடுவேன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நான் கேம் எப்பவாவதுதான் ஆடுவேன், மத்தபடி நாள் பூரா கோடு எழுதுறதுதான் வேலை. நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?
– எட்டு மணி நேரம் தட்டுறவ

பதில்: கணக்கா பாத்துடுவோம், அப்பதான் பயம் தெளியும். வயர்டு கீபோர்ட கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு 1000 தடவை "ஏதாவது அமுக்கினாங்களா" ன்னு கேட்டா அது 1000 ஹெர்ட்ஸ், அதாவது 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. பழைய 125 ஹெர்ட்ஸ் கீபோர்டுன்னா 8 மில்லிசெகண்ட். நல்ல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் இப்போ 1000 ஹெர்ட்ஸ் தொட்டுடுது. ப்ளூடூத் லோ எனர்ஜில கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரு இடைவெளி பேசி வெச்சுக்கிட்டுதான் சந்திக்கும், இப்போ புழக்கத்துல இருக்குற கீபோர்டுங்கள்ல அது குறைஞ்சது 7.5 மில்லிசெகண்ட், பல சமயம் 15 வரைக்கும் போகும்.

இப்போ இத வேற எதோட ஒப்பிடணும்னா, உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் ஆகுது. நிமிஷத்துக்கு 60 வார்த்தை அடிக்கிறவங்களுக்கு ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல 200 மில்லிசெகண்ட் இருக்கு. அதோட இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, மெக்கானிக்கல் ஸ்விட்ச்ல உள்ள ரெண்டு உலோக தகடு மோதும்போது ஒரு துள்ளு துள்ளும், அந்த துள்ளல் அடங்கட்டும்னு ஃபர்ம்வேர் காத்திருக்கும், அதுக்கு பேர்தான் டிபவுன்ஸ். நிறைய கஸ்டம் கீபோர்டுல ஓடுற க்யூஎம்கேங்கிற ஃபர்ம்வேர்ல எதையும் மாத்தாம விட்டா அது 5 மில்லிசெகண்ட். அதாவது 1 மில்லிசெகண்ட் கேபிள்னு பெருமையா மாட்டின கீபோர்டும் உள்ள 5 மில்லிசெகண்ட் சும்மா நின்னுட்டுதான் கிளம்புது.

அதனால கோடு எழுதுறதுக்கு வித்தியாசம் தெரியாது, தெரியுதுன்னு சொல்றவங்கள்ல பாதி பேர் கண்ண கட்டி உக்கார வெச்சா மாத்தி சொல்லுவாங்க. உங்களுக்கு ப்ளூடூத்ல எரிச்சல் வரப்போறது வேற இடத்துல. டீ குடிச்சிட்டு வந்து உக்காந்து முதல் எழுத்த தட்டுவீங்க, அது ஸ்க்ரீன்ல வராது. கீபோர்டு பேட்டரிய மிச்சம் பிடிக்க தூங்கிப்போயிருக்கும், நீங்க தட்டினதும் முழிச்சு, கம்ப்யூட்டர தேடி, கை குலுக்கி, அதுக்குள்ள ரெண்டு மூணு எழுத்து காணாம போயிருக்கும். நான் எப்பவும் முதல்ல ஷிஃப்ட் கீய சும்மா ரெண்டு தட்டு தட்டிட்டு ஒரு மூச்சு விட்டுதான் ஆரம்பிப்பேன், இப்போ வயர்டு கீபோர்டுலயும் அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு.

எப்பவாவது ஆடுற கேமுக்கு அந்த நேரம் மட்டும் கேபிள மாட்டிக்கோங்க. தினம் போட்டி போட்டு ஆடுறவங்க, காந்த ஸ்விட்ச், ரேப்பிட் ட்ரிகர் (விரல லேசா தூக்கினதுமே கீய விட்டாச்சுன்னு எடுத்துக்குறது), 8000 ஹெர்ட்ஸ்னு போறவங்க யோசிக்கவே வேண்டாம், கேபிள்தான். காந்த ஸ்விட்ச்ல ஒவ்வொரு கீக்கும் கீழ ஒரு சென்சார் இருக்கு, கீ எவ்ளோ தூரம் இறங்கியிருக்குன்னு அத ஓயாம அளந்துக்கிட்டே இருக்கணும், பேட்டரிய அது சீக்கிரம் காலி பண்ணிடும்.

கேள்வி: 2000 எம்ஏஹெச் பேட்டரி போட்ட வயர்லெஸ் கீபோர்டு, 80 கீ, ஒவ்வொரு கீக்கும் ஆர்ஜிபி லைட். லைட்ட ஆஃப் பண்ணிதான் வெச்சிருக்கேன், ஆனாலும் ஒரு நாளைக்கு மேல தாங்க மாட்டேங்குது. பேட்டரி டூப்ளிகேட்டா?
– இருட்டுல டைப் பண்றவன்

பதில்: பேட்டரி மேல பழி போடாதீங்க, பாவம் அது. நிறைய கஸ்டம் போர்டுல போடுறது டபிள்யூஎஸ்2812 வகை எல்இடி. அதுல ஒவ்வொரு லைட்டுக்குள்ளயும் ஒரு குட்டி கண்ட்ரோல் சிப் உக்காந்திருக்கு, லைட் கருப்பா இருந்தாலும் அந்த சிப் முழிச்சுக்கிட்டுதான் இருக்கும், கிட்டத்தட்ட 1 மில்லிஆம்பியர் வரைக்கும் உறிஞ்சும். 80 லைட்னா 80 மில்லிஆம்பியர். 2000-ஐ 80-ஆல வகுத்துப் பாருங்க, 25 மணி நேரம். உங்க ஒரு நாள் கணக்கு சரியா வந்துடுச்சா?

லைட்ட போட்டா இன்னும் மோசம். அந்த வகைல ஒரு எல்இடி முழு வெள்ளைல எரிஞ்சா 60 மில்லிஆம்பியர் வரைக்கும் இழுக்கும், 80-உம் அப்படி எரிஞ்சா 4.8 ஆம்பியர், யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றதே 500 மில்லிஆம்பியர்தான், அதனாலதான் ஃபர்ம்வேர் பிரைட்னஸுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டு வெச்சிருக்கும்.

தீர்வு என்னன்னா லைட்டோட கலர கருப்பாக்கினா பத்தாது, லைட்டுக்கு போற கரண்ட்டையே வெட்டணும். ஜெட்எம்கேங்கிற வயர்லெஸ் கீபோர்டு ஃபர்ம்வேர்ல அதுக்குன்னே எக்ஸ்டர்னல் பவர்னு ஒரு வசதி இருக்கு, பிசிபில அதுக்கான ட்ரான்சிஸ்டர் இருந்தா ஒரு கீய தட்டி மொத்த லைட் லைனையும் அறுத்துடலாம். உங்க போர்டுல அது இல்லன்னா அடுத்த தடவை லைட் இல்லாத பிசிபியா பாருங்க. லைட் இல்லாம என்ஆர்எஃப்52840 மாதிரி ப்ளூடூத் சிப் மட்டும் ஓடுற போர்டு இதே பேட்டரில மாசக்கணக்குல ஓடும். கண்ண மூடிக்கிட்டே டைப் பண்ணத் தெரிஞ்ச உங்களுக்கு லைட் எதுக்குன்னு எனக்கு புரியல, ஆனா அது உங்க இஷ்டம்.

கேள்வி: வயர்டு போர்டுல க்யூஎம்கே, அதோட கீய மாத்துற வயா ஆப் வெச்சு எல்லா கீயையும் என் இஷ்டத்துக்கு மாத்தி வெச்சிருக்கேன். வயர்லெஸ் போனா இதெல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, ஏன்?
– லேயர் பைத்தியம்

பதில்: பாதி உண்மை. க்யூஎம்கே திறந்த மூல ஃபர்ம்வேர், ஜிபிஎல் லைசென்ஸ்ல இருக்கு, அதோட எதையாவது சேர்த்து கட்டி வெளியிட்டா அந்த கோடையும் திறந்து காட்டணும். ப்ளூடூத் சிப் கம்பெனிங்க தர்ற ரேடியோ பகுதி கோடு பெரும்பாலும் மூடின பெட்டி. ரெண்டையும் ஒண்ணா கட்டினா லைசென்ஸ் இடிக்குது. இந்த முடிச்ச அவிழ்க்கத்தான் ஜெட்எம்கேன்னு தனியா ஒண்ணு வந்துச்சு, செஃபிர்ங்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம் மேல கட்டினது, எம்ஐடி லைசென்ஸ், முதல்லேருந்தே வயர்லெஸ், பேட்டரி சேமிப்பு ரெண்டையும் மனசுல வெச்சு எழுதினது. லேயர் (ஒரே கீக்கு பல வேலை), காம்போ (ரெண்டு கீய சேர்த்து தட்டினா வேற வேலை), மேக்ரோ (ஒரு தட்டுக்கு பல எழுத்து), ஹோம் ரோ மாடு (நடு வரிசை கீய அழுத்திப் பிடிச்சா ஷிஃப்ட், கண்ட்ரோல்)னு உங்க பைத்தியத்துக்கு தீனி நிறையவே இருக்கு. ஆனா ரொம்ப நாளா கீமேப்ப (எந்த கீ என்ன பண்ணணும்ங்கிற பட்டியல்) ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி, கிட்ஹப் தளத்துல ஏத்தி, அது ஃபர்ம்வேரா கட்டி தந்ததும் டவுன்லோட் பண்ணி போர்டுல போடணும்ங்கிற நிலைதான், வயால க்ளிக் பண்ணி உடனே மாத்தி பழகினவங்களுக்கு அது பெரிய இறக்கம். இப்போ ஜெட்எம்கே ஸ்டூடியோ வந்து அந்த குறைய ஓரளவு தீர்த்திருக்கு, போர்டு அத சப்போர்ட் பண்ணணும் அவ்ளோதான்.

மூணாவதா ஒரு ரகம் இருக்கு, "வயர்லெஸ், ஆனா க்யூஎம்கே" ன்னு போட்டு விக்கிறது. அதுல வயர்லெஸ் வேலைய தனி சிப் பாத்துக்கும், க்யூஎம்கே பக்கத்து சிப்புல ஓடும், இது நியாயமான வழிதான், ஆனா சில கம்பெனிங்க மாத்தி எழுதின சோர்ஸ் கோட வெளியிடவே மாட்டாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலோட சோர்ஸ் எங்கன்னு தேடிப் பாருங்க. கிடைக்கலன்னா நாளைக்கு ஒரு பக் வந்தா அந்த கம்பெனி மனசு வெச்சாதான் சரியாகும்.

கேள்வி: சார், அலுமினியம் கேஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள். சிபியூ மேஜைக்கு கீழ இருக்கு, டாங்கிள் அதோட பின்பக்கம். திடீர்னு ஒரு எழுத்து இருபது முப்பது தடவை தானா அடிக்குது, சில சமயம் எழுத்தே வரல. ஸ்விட்ச மாத்தணுமா?
– அஅஅஅஅ

பதில்: உங்க புனைபெயர பாத்ததும் சிரிச்சுட்டேன், ஆனா அதுலயே நோய் தெரியுது. ஸ்விட்ச் கெட்டுப்போனா வர்றது வேற மாதிரி, ஒரு தட்டுக்கு ரெண்டு எழுத்து விழும், எப்பவும் அதே கீல விழும், அது சேட்டர். இங்க இருபது முப்பது விழுது, அதுவும் எந்த கீல வேணா விழுது, அப்போ நடக்குறது என்னன்னா, நீங்க கீய அமுக்கின தகவல் போய் சேர்ந்துடுச்சு, கைய எடுத்த தகவல் காத்துல தொலைஞ்சிடுச்சு, கம்ப்யூட்டர் இன்னும் அமுக்கிக்கிட்டே இருக்கீங்கன்னு நெனச்சு அடிச்சுக்கிட்டே போகுது. ஸ்விட்ச்ல கை வெக்காதீங்க.

டாங்கிள் இருக்குற இடம்தான் குத்தவாளி. இரும்பு பெட்டிக்கு பின்னாடி, மேஜைக்கு அடில, போதாக்குறைக்கு பக்கத்துலயே நீல கலர் யூஎஸ்பி 3.0 போர்ட் இருக்கும், அதுல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தொங்கிக்கிட்டு இருக்கும், சரிதானே? யூஎஸ்பி 3.0 டேட்டா ஓடும்போது கெளப்புற ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயும் வந்து விழும், வயர்லெஸ் மவுஸ் கீபோர்ட அது படுத்தும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல ஒரு அறிக்கை போட்டிருக்கு. சோதிச்சுப் பாக்கறது சுலபம், அந்த டிஸ்க்க கழட்டிட்டு அரை மணி நேரம் டைப் பண்ணுங்க. நின்னுடுச்சுன்னா ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிள மேஜை மேல, கீபோர்டுக்கு ஒரு முழ தூரத்துல கொண்டு வந்து வைங்க. கம்பி வேண்டாம்னு வயர்லெஸ் வாங்கி அதுக்கு ஒரு கம்பி வாங்கணுமான்னு திட்டுவீங்க, திட்டிக்கோங்க, வேலை செய்யும்.

அப்பவும் நிக்கலன்னா கேஸ பாருங்க. நாலு பக்கமும் அலுமினியம் மூடின பெட்டிக்குள்ளேருந்து ரேடியோ அலை வெளிய வர்றது கஷ்டம், அதனாலதான் ஒழுங்கா டிசைன் பண்ணின வயர்லெஸ் அலுமினியம் கேஸ்ல பின்னாடி ஒரு பிளாஸ்டிக் துண்டு பதிச்சிருப்பாங்க, ஆன்டெனாவுக்கு அதுதான் ஜன்னல். அந்த ஜன்னல் மேல அழகுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா பரவால்ல, உலோக தகடு கிகடு ஒட்டிடாதீங்க.

கேள்வி: பேட்டரி வீங்கும்னு சொல்றாங்களே, கீபோர்டுல எல்லாம் அப்படி ஆகுமா? பயமா இருக்கு.
– ஒரு அம்மா, பையன் கீபோர்டு கட்டுறான்

பதில்: ஆகும்மா, எனக்கே ஆச்சு. ரெண்டு வருஷமா ஒரு வயர்லெஸ் போர்ட மேஜைலயே வெச்சு, கேபிள கழட்டாம ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் ஸ்பேஸ்பார் சத்தம் மாறிடுச்சு, வழக்கமா "தொக்" னு அடங்கி வர்றது "டக்" னு காலி டப்பா மாதிரி கேட்டுச்சு. ஸ்டெபிலைசர்ல (நீள கீ சாயாம பிடிச்சிருக்குற கம்பி) கிரீஸ் காஞ்சிடுச்சு போலன்னு கழட்டி கிரீஸ் தடவினேன், மாறல. மறுபடி கிரீஸ் தடவினேன், அப்பவும் மாறல. நாலாவது நாள் கீபோர்டு மேஜைல ஒரு மூலைல ஆடுது, அடில இருக்குற ரப்பர் கால் தேஞ்சிடுச்சுன்னு அதுக்கு கீழ ஒரு அட்டைய மடிச்சு வெச்சேன், நான் எவ்ளோ பெரிய புத்திசாலின்னு பாருங்க. கடைசில ஸ்க்ரூவ கழட்டினா, கடைசி ஸ்க்ரூ விட்டதும் மேல் பாதி தானா ஒரு மில்லிமீட்டர் எழும்பி நிக்குது. உள்ள பேட்டரி சின்ன தலகாணி மாதிரி உப்பி, பிசிபிய மேல தள்ளி, கேஸோட அடித்தட்ட கீழ தள்ளி நடுவுல உக்காந்திருக்கு.

எப்பவும் முழு சார்ஜ்லயே வெச்சிருக்குறதும் சூடும் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, வயசு சீக்கிரம் ஏறும். அதனால பையன்கிட்ட மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, மேஜைலயே இருக்குற போர்டுன்னா பேட்டரியே மாட்ட வேண்டாம், பெரும்பாலான போர்டு பேட்டரி இல்லாமலே கேபிள்ல ஓடும். ரெண்டு, வீங்கினத குத்தக்கூடாது, அமுக்கக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது, எரியுற பொருள் பக்கத்துல இல்லாம தனியா வெச்சு இ-வேஸ்ட் எடுக்குறவங்ககிட்ட குடுத்துடணும், குப்பைத்தொட்டில போடவே கூடாது.

மூணாவதுதான் கட்டுறவங்களுக்கு ரொம்ப முக்கியம். பேட்டரி வயர்ல இருக்குற அந்த வெள்ளை ஜேஎஸ்டி கனெக்டர்ல ப்ளஸ் எந்த பக்கம் மைனஸ் எந்த பக்கம்னு பொதுவான விதி கிடையாது. ஒரு கடை பேட்டரில சிவப்பு இடப்பக்கம் இருக்கும், இன்னொரு கடைல வலப்பக்கம் இருக்கும், கனெக்டர் ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி சொருகும், பக்கம் மாறியிருந்தா சொருகின அடுத்த நொடி போர்டு புகையலாம். மல்டிமீட்டர வெச்சு பிசிபில எழுதியிருக்குற ப்ளஸ் குறியோட ஒத்துப் பாத்துட்டுதான் சொருகணும். மாறியிருந்தா கனெக்டர்ல இருக்குற சின்ன பிளாஸ்டிக் நாக்க ஊசியால தூக்கி வயர ஒண்ணொண்ணா வெளிய எடுத்து மாத்திக்கலாம், ரெண்டு வயரையும் ஒரே நேரத்துல கத்திரில வெட்டக்கூடாது, கத்திரியே ஷார்ட் பண்ணிடும். சின்ன பேட்டரிக்கு வேகமா சார்ஜ் ஏத்துறதும் கூடாது, 110 எம்ஏஹெச் பேட்டரிக்கு 100 மில்லிஆம்பியர் போதும், பலகைல 500-க்கு ஏத்துற ஜம்பர் இருந்தாலும் அத தொடக்கூடாது.

கேள்வி: வயர்லெஸ்ல நான் அடிக்கிற பாஸ்வேர்ட பக்கத்துல இருக்குறவன் பிடிச்சிட முடியுமா?
– சந்தேகப் பிராணி

பதில்: பழைய மட்டமான டாங்கிள்ல முடிஞ்சிருக்கு. 2016-ல பாஸ்டில்ங்கிற பாதுகாப்பு ஆராய்ச்சி கம்பெனி மவுஸ்ஜாக், கீஸ்னிஃபர்னு ரெண்டு பாதுகாப்பு ஓட்டைய வெளிய கொண்டு வந்தாங்க, சில 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கீபோர்டுங்க என்க்ரிப்ஷனே இல்லாம எழுத்த அப்படியே காத்துல அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. ப்ளூடூத்லயும் ஓட்டை வராம இல்ல, 2023 டிசம்பர்ல வெளிவந்த ஒரு ஓட்டைல, நம்ம அனுமதி இல்லாமலே ஒரு போலி கீபோர்டு கம்ப்யூட்டரோட சேர்ந்து எழுத்து அடிக்க முடிஞ்சுது. அது உங்க கீபோர்டு தப்பு இல்ல, கம்ப்யூட்டர் பக்க தப்பு, நீங்க வயர்டு கீபோர்டு வெச்சிருந்தாலும் ப்ளூடூத் ஆன்ல இருந்தா மாட்டியிருக்கலாம். அப்டேட் போட்டு வெச்சிருந்தா போதும். பேர் தெரியாத டாங்கிள் கீபோர்டுல பேங்க் பாஸ்வேர்ட் அடிக்காதீங்க, மத்தபடி தூக்கம் கெட வேண்டாம்.

இதோட ஒட்டின சின்ன விஷயம், ஹார்டு டிஸ்க்க பூட்டி வெச்சிருக்கீங்கன்னா கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பாஸ்வேர்ட் கேக்கும்ல, அந்த நேரத்துல பெரும்பாலான பிசில ப்ளூடூத் கீபோர்டு வேலை செய்யாது. பயாஸுக்கும் (ஆப்பரேட்டிங் சிஸ்டம் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் திரை) அதே கதைதான். டாங்கிள்னா சாதாரண யூஎஸ்பி கீபோர்டு மாதிரியே தெரியும், அது ஓடும்.

கேள்வி: வயர்டு போர்டுதான் கட்டினேன். ஃபோன் சார்ஜர் கேபிள் போட்டா லைட் கூட எரியல, பழைய கேபிள் போட்டா ஓடுது. ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்குற கேபிள்லதான் பிரச்சனை. பிசிபி டிஃபெக்ட்டா?
– சி டு சி

பதில்: ஆமாம், டிஃபெக்ட்தான், ஆனா உங்க கைல வந்து உடைஞ்சது இல்ல, டிசைன்லயே விட்டுட்டாங்க. டைப்-சி போர்ட்ல சிசி1, சிசி2-ன்னு ரெண்டு பின் இருக்கு, ஒவ்வொண்ணுலேருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் போடணும், அத பாத்துதான் எதிர்முனை "ஓ, இங்க ஒரு கருவி இருக்கு" ன்னு கரண்ட்ட திறந்து விடும். அது இல்லன்னா சி டு சி கேபிள்ல ஒண்ணுமே வராது, ஒரு பக்கம் பழைய தட்டை யூஎஸ்பி இருக்குற ஏ டு சி கேபிள்ல மட்டும் எதையும் கேக்காம கரண்ட் வரும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர்னு சிக்கனம் பிடிச்சாலும் சில கேபிள்ல ஓடாது, 2019-ல வந்த முதல் ராஸ்பெர்ரி பை 4 பலகைலயே இந்த தப்பு நடந்துச்சு, பின்னாடி திருத்தினாங்க. ஏ டு சி கேபிள வெச்சே ஓட்டுங்க, ஒரு குறையும் வராது.

இன்னொரு பக்கம், கேபிள் மாட்டினா லைட் மட்டும் எரியுது எழுத்து வரலன்னு வேற ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. உங்க கைல இருக்குறது சார்ஜ் மட்டும் பண்ற கேபிள், உள்ள டேட்டா கம்பியே கிடையாது. வேற கேபிள் எடுங்க.

கேள்வி: ரெண்டு பாதியா பிரிஞ்ச ஸ்ப்ளிட் கீபோர்டுக்கும் வயர்டுதான் சொல்வீங்களா?
– தோள்வலி

பதில்: இங்க மட்டும் கட்சி மாறுறேன். ஸ்ப்ளிட்ல ரெண்டு பாதியையும் தோள் அகலத்துக்கு தள்ளி வெக்கறதுதான் விஷயமே, நடுவுல ஒரு கேபிள் கோப்பைய தட்டி விட்டுக்கிட்டு கிடக்குறது கடுப்பு. அதோட பல ஸ்ப்ளிட் போர்டுல நடு கேபிள் டிஆர்ஆர்எஸ், ஹெட்ஃபோன் பின் மாதிரி இருக்குமே அதுதான், அத கரண்ட் இருக்கும்போது உருவினாலோ சொருகினாலோ பின்னோட முனை உள்ள இருக்குற எல்லா தொடுபுள்ளியையும் உரசிக்கிட்டேதான் போகும், ஷார்ட்டாகி கண்ட்ரோலர் போயிடலாம். முதல்ல யூஎஸ்பிய கழட்டிட்டுதான் நடு கேபிள்ல கை வைக்கணும், ராத்திரி ஒரு மணிக்கு தூக்கக் கலக்கத்துல யாருக்கு இது ஞாபகம் வரும்? வயர்லெஸ்ல இந்த வம்பு இல்ல. ஒரு பாதி மட்டும் சீக்கிரம் சார்ஜ் இறங்கும், பயப்படாதீங்க, கம்ப்யூட்டரோடயும் இன்னொரு பாதியோடயும் பேசுறது அந்த பாதிதான், அதுக்கு வேலை ரெட்டிப்பு. அந்த பக்கம் பெரிய பேட்டரியா போடுங்க.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க எதுல டைப் பண்றீங்க?
– சும்மா கேட்டேன்

பதில்: மேல சொன்னேனே, பேட்டரி வீங்கின போர்டு, அதே போர்டுலதான். பேட்டரிய எடுத்தாச்சு, அது இருந்த குழில ஒரு ஃபோம் துண்டு வெட்டி வெச்சேன், ஸ்பேஸ்பார் மறுபடி "தொக்" னு சத்தம் போடுது. ப்ளூடூத் ஸ்விட்ச் இன்னும் பக்கவாட்டுல இருக்கு, வீட்டு பொடிசு வந்து அத தள்ளித் தள்ளி விளையாடும், கேபிள் மோடுக்கு திருப்பி வெச்சிட்டுதான் அடுத்த வரி அடிக்கணும்.